தோற்றவர் எழுத வேண்டும்

இன்னாசி மாஸ்டரிடம் ஞானம் கேட்டு யாரும் வந்ததில்லை. "மாஸ்டர், சிலுவார் இடுப்பைப் பிடிக்குது, கொஞ்சம் விட்டுக் கொடுங்க" என்று காற்சட்டையை நீட்டிக்கொண்டுதான் வருவார்கள். தைப்பிங்கில் அவர் தைத்த பள்ளிக்கூடச் சட்டையைப் போடாத பிள்ளைகள் குறைவு. துணி வெட்டுகிறவர் என்பதால் அவர் மாஸ்டர். டார்ட்ஸ் சொல்லிக் கொடுத்ததாலும் மாஸ்டர். இதில் எது முதலில் வந்தது என்று அவரைக் கேட்டால், "எதுக்கு வந்தீங்க, அதைச் சொல்லுங்க" என்பார்.

டார்ட்ஸில் அவருக்குச் சீடன் என்று இருந்தவன் ஒருவன்தான். பெயர் குணாளன். வயது நாற்பத்தொன்பது. மாஸ்டரைவிட நாலே வயது சின்னவன்.

இருபத்தேழு வருஷமாக டார்ட் எறிவதுதான் குணாளனுக்குப் பிழைப்பு. முதுகில் 'கிங் குணா' என்று எழுதின சட்டை, விமானம், ஹோட்டல், மேடை, விளக்கு. சுவரில் மாட்டின ஒரு வட்டப் பலகையில் மூன்று ஊசியை எறிவதற்காக ஒரு மனுஷனை ஊர் ஊராகக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள் என்றால் யார் நம்புவார்கள்? அவனுடைய அப்பா சாகும்வரை நம்பவில்லை. "பையன் கப்பல் கம்பெனியில இருக்கான்" என்றுதான் கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குணாளன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கிளப் வாசலில் வந்து நின்றான்.

கிளப் என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ரயில் பாதை ஓரமாக ஒரு தகரக் கூரை. உள்ளே நாலு மேசை, ஒரு கேரம் பலகை, கோப்பி போட ஓர் அடுப்பு. கோடிச் சுவரில் டார்ட்ஸ் போர்டு. அதன் பக்கத்தில் புள்ளி எழுதக் கரும்பலகை. மேலே, எந்தக் காலத்திலோ யாரோ வெள்ளைச் சாயத்தில் எழுதின எழுத்து: தோற்றவர் எழுத வேண்டும்.

குணாளன் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தான். எதுவும் மாறவில்லை. 

மாஸ்டர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு நீலப் பாவாடைக்கு மடிப்பு தைத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகூட அவர் கை சும்மா இருக்காது.

"வா. பசியாறிட்டியா?"

"ஆச்சு மாஸ்டர்."

"பொய் சொல்லாதே. உக்காரு."

ஒரு கோப்பியும் இரண்டு ரொட்டியும் வந்தன. குணாளன் தின்றான். மாஸ்டர் தைத்தார். ரொட்டி தீர்ந்தபிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"மாஸ்டர், என் கை விட மாட்டேங்குது."

"எதை?"

"டார்ட்டைத்தான். எறியறதுக்குக் கை முன்னால போகுது. விரல் திறக்க மாட்டேங்குது. டார்ட் கையிலயே ஒட்டிக்கிட்டு நிக்குது."

"எப்பலருந்து?"

"நாலு மாசம். இங்கிலாந்துல ஒரு ஆட்டம். முப்பத்திரண்டு மிச்சம். டபுள் பதினாறு அடிச்சா முடிஞ்சுது. டபுள் பதினாறு எனக்கு எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அடிப்பேன். கை போச்சு. விடல. மறுபடி போச்சு, விடல. ஏழு தடவை மாஸ்டர். மூவாயிரம் பேர் உக்காந்திருக்காங்க. முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டாங்க. அதைத்தான் தாங்க முடியல."

"அதுக்கு அப்புறம்?"

"எல்லாத்துக்கும் வந்திருச்சு. இப்ப எதைப் பாத்து எறிஞ்சாலும் இதே கதைதான்."

பார்க்காத வைத்தியம் இல்லை. கைக்குப் படம் எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருந்தது. மனசுக்கு ஒரு டாக்டர், மணிக்கணக்காக அவன் அம்மாவைப் பற்றியே கேட்டார். ஒரு சாமியார் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டினார். குணாளன் அதை நீட்டிக் காட்டினான்.

மாஸ்டர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல நூலு" என்றார்.

"விளையாடாதீங்க மாஸ்டர். பன்னிரண்டு நாள்ல கோலாலம்பூர்ல தகுதிப் போட்டி. அதுல தேறலைன்னா அடுத்த வருஷம் எந்த ஊர்லயும் எனக்கு இடம் இல்ல. அதோட குணா கதை முடிஞ்சுது. எனக்கு வேற தொழில் தெரியாது. ஏன் மாஸ்டர் என் கை விடல?"

மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பாவாடையை மடித்து வைத்தார். அவர் பதில் சொல்லப் போகிறார் என்று குணாளன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

போர்டின் முன்னால் இரண்டு பேர் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தங்கையா. அறுபது வயது. நாற்பது வருஷம் லாரி ஓட்டின உடம்பு, தோளில் துண்டு. இன்னொருவர் சரோஜினி டீச்சர். ஓய்வு பெற்றபிறகு டார்ட்ஸ் பழகினவர். எறிவதைவிட அதட்டுவதில்தான் கெட்டிக்காரர்.

"எழுத ஆள் இல்ல, யாராவது வாங்க!" என்று டீச்சர் கூவினார்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து தட்டையான தையல் வெண்கட்டி ஒன்றை எடுத்துக் குணாளனிடம் நீட்டினார்.

"போய் எழுது."

குணாளனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. கேட்டது என்ன, இவர் சொல்வது என்ன!

"நானா? தோத்தவன்தானே எழுதணும்? நான் இன்னும் ஆடவே இல்லியே."

"எழுது. அப்புறம் பேசலாம்."

"நீங்க எழுதக்கூடாதா?"

இது கொஞ்சம் வாய்க்கொழுப்புதான். இன்னாசி மாஸ்டர் அந்தக் கரும்பலகையில் எழுதுவதில்லை என்பது கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டத்தில் தோற்றால் யாருக்காவது ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துத் தன் முறைக்கு எழுதச் சொல்லிவிடுவார். கண் சரியில்லை என்பார். கண் சரியில்லாத மனுஷன் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுவார்! ஆனாலும் யாரும் துருவிக் கேட்டதில்லை.

மாஸ்டர் கையை இறக்கவில்லை. வெண்கட்டி நீட்டினபடியே இருந்தது. குணாளன் வாங்கிக்கொண்டு எழுந்தான்.

"அடடா! கிங் குணா எழுதறாரு! எனக்குக் கைகால் எல்லாம் நடுங்குது" என்றார் டீச்சர்.

"ஒழுங்கா எழுதுவானான்னு பாருங்க. அங்கெல்லாம் இவனுக்குக் கம்ப்யூட்டர்தான் கணக்குப் போடும்" என்றார் தங்கையா.

குணாளன் கரும்பலகையின் மேலே இரண்டு பக்கமும் ஐந்நூற்றொன்று என்று எழுதினான். வெண்கட்டித் தூள் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், இருபத்தேழு வருஷமும் எங்கேயோ போய்விட்டது.

இந்த வாசம்! இங்கே வந்த முதல் வருஷம் அவன் எறிந்ததைவிட எழுதினதுதான் அதிகம். எல்லாரிடமும் தோற்பான். தோற்றால் எழுத வேண்டும். ஆட்டம் ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஐந்நூற்றொன்றில் தொடங்கி, எறிந்ததைக் கழித்துக்கொண்டே வந்து, சரியாகச் சுழியத்தில் போய் நிற்கவேண்டும். கடைசி எறி மட்டும் வெளி வளையத்தில், டபுளில் விழவேண்டும். நாற்பது மிச்சமென்றால் டபுள் இருபது. முப்பத்திரண்டு மிச்சமென்றால் டபுள் பதினாறு. அவன் எழுதி எழுதியே கழிக்கப் பழகினான். கழித்துப் பழகித்தான் எறியப் பழகினான்.

அப்போதெல்லாம் பின்னால் மாஸ்டர் நிற்பார். இருபத்துமூன்று வயசு மாஸ்டர்! தலை நிறைய முடி, காதில் செருகின வெண்கட்டி. "சத்தமா கழி, சத்தமா கழி" என்பார். ஈப்போவில் ஆட்டமென்றால் இரண்டு பேரும் பேருந்தில் போவார்கள். மடியில் ஒரு மைலோ டின், அதற்குள் பஞ்சு சுற்றி ஆறு டார்ட். திரும்பி வரும்போது ஜெயித்தால் மாஸ்டர் பாடுவார், தோற்றால் குணா பாடவேண்டும். இரண்டு பேருக்கும் குரல் கிடையாது. பேருந்துக்காரன் ஒருமுறை பாதி வழியிலேயே இறக்கிவிட்டுவிட்டான்.

முதல் ஆட்டச் சட்டையைத் தைத்துக் கொடுத்ததும் மாஸ்டர்தான். பச்சைச் சட்டை. உள்பக்கம் டார்ட் வைத்துக்கொள்ள ஒரு ரகசியப் பை. பிறகு எத்தனையோ கம்பெனிச் சட்டைகள் வந்தன. உள்பை வைத்த சட்டையை எவனும் தரவில்லை. அதை நினைத்ததும் குணாளனுக்கு அந்தப் பச்சைச் சட்டை எங்கே போயிற்று என்று மனசு அடித்துக்கொண்டது.

"தூங்கிட்டியா? அறுபது, கழி!" என்றார் தங்கையா.

குணாளன் கழித்தான்.

ஆட்டம் ஓடியது. போர்டின் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. எறிகிற முகம் நேராகத் தெரிகிறது. டீச்சர் ஒவ்வொரு எறிக்கும் நாக்கைத் துருத்துவார். தங்கையா எறியும்போது ஒரு கண்ணைச் சுருக்குவார். அதே சுருக்கம். முப்பத்துமூன்று வயசில் பேராக் மாநிலத்தையே ஆட்டி வைத்த தங்கையாவுக்கும் அதே சுருக்கம்தான். குணாளன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

தங்கையாவுக்கு எண்பத்தைந்து மிச்சம். இருபது. இருபது. மூன்றாவது நழுவி ஐந்தில் விழுந்தது.

"நாப்பத்தஞ்சு" என்றார் டீச்சர்.

குணாளன் கழித்து எழுதினான்.

தங்கையா டார்ட்டைப் பிடுங்க வந்தவர், கரும்பலகையைப் பார்த்து நின்றார்.

"டேய், என்ன எழுதி இருக்கே?"

"என்னண்ணே?"

"எண்பத்தஞ்சுல நாப்பத்தஞ்சு போனா நாப்பது லா! முப்பத்திரண்டுன்னு எழுதி வெச்சிருக்கே. எட்டை யாருக்குடா கொடுத்தே?"

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "முப்பத்திரண்டுன்னா உங்களுக்குத்தானே லாபம், பேசாம இருந்திருக்கலாமே?" என்றார்.

"அது எப்படி டீச்சர்? நாப்பதுன்னா நாப்பது. அழிடா, அழிச்சிட்டு எழுது."

குணாளன் அழிக்கவில்லை. தான் எழுதின எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.  திரும்பி மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் இதே எண்தான்.

இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், இதே கூரைக்குக் கீழே மாநில இறுதி ஆட்டம். குணாளனும் தங்கையாவும். அரையிறுதியில் குணாளனிடம் தோற்றிருந்ததால் எழுதுகிறவர் இன்னாசி மாஸ்டர். ஜெயிக்கிறவனுக்கு மணிலாவில் நடக்கும் போட்டிக்குப் போகிற வாய்ப்பு. நல்ல ஆட்டக்காரனைத் தேடி ஒரு கம்பெனிக்காரர் கோலாலம்பூரிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் சரிக்குச் சரியாக வந்து, கடைசிச் சுற்று.

குணாளனுக்கு நூறு மிச்சம். மூன்று டார்ட்டும் இருபதில் விழுந்தன. அறுபது போக நாற்பது.

மாஸ்டர் முப்பத்திரண்டு என்று எழுதினார்.

குணாளன் அதைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று அவன் எவ்வளவோ முறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான், பொய். நன்றாகப் பார்த்தான். டபுள் இருபது அவனுக்கு எமன். டார்ட்ஸ் போர்டின் உச்சியில் இருக்கிறது. எத்தனை நாள் பழகினாலும் கைக்கு வராது. டபுள் பதினாறு அவனுக்குச் சொந்த வீடு மாதிரி. எழுதினதில் தப்பு இருந்தால், அந்த ஆள் மறுபடி எறிவதற்குள் யாரும் சொல்லலாம், திருத்திக்கொள்ளலாம். எறிந்துவிட்டால் எழுதினது எழுதினதுதான். அதுதான் சட்டம்.

தங்கையா எறிய வந்தார். அறுபத்துநாலு மிச்சம். இருபது, இருபது, ஒன்று வெளியே. இருபத்துநாலில் நின்றார். அவர் தன் கணக்கிலேயே மூழ்கியிருந்தார். குணாளனுக்கு அத்தனை நேரம் இருந்தது. மூன்று எறி நேரம். வாயைத் திறக்க அது போதும்.

அவன் கோட்டில் வந்து நின்றான். முதல் டார்ட்டே டபுள் பதினாறு.

கூரை அதிர்ந்தது. தோளில் தூக்கிக்கொண்டார்கள். கம்பெனிக்காரர் கை கொடுத்தார். அந்த உயரத்திலிருந்து குணாளன் பார்த்தபோது, தங்கையா போர்டுப் பக்கம் போய், வெண்கட்டியை எடுத்து, அடுத்து விளையாட்டுக்காக ஆடின இரண்டு பேருக்கு எழுதிக்கொண்டு நின்றார். தோற்றவர் எழுத வேண்டும். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? சின்னக் கணக்குத்தானே, விடு" என்றார் தங்கையா இப்போது.

"அண்ணே."

"சொல்லு."

"மணிலாவுக்குப் போன அந்த இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்குதா?"

"மறக்குமா?"

"கடைசியில எனக்கு முப்பத்திரண்டு இல்லண்ணே. நாப்பது. பலகையில தப்பா எழுதி இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் எறிஞ்சேன்."

சொல்லி முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டான். டீச்சரின் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

தங்கையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், அன்னைக்கு எழுதினது நீங்கதானே?"

"நான்தான்" என்றார் இன்னாசி மாஸ்டர். எழுந்து நின்றே சொன்னார்.

"உங்களுக்குக் கழித்தல்ல தப்பு வருமா?"

"வராது. இவன் ஜெயிக்கணும், ஜெயிக்கணும்னு நினைச்சுக்கிட்டே நின்னேன். கை எழுதிருச்சு. எழுதின உடனே தெரிஞ்சுது. அழிக்கிற துணியைக்கூட எடுத்துட்டேன். இவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், அழிச்சிரலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இவன் கோட்டுல வந்து நின்னுட்டான். எனக்கும் கை வரல. துணி கையிலதான் இருந்துச்சு, தங்கையா."

குணாளன் அவரைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அது மாஸ்டரின் கவனக்குறைவு என்றே நினைத்திருந்தான். அவர் அந்தப் பலகையில் ஏன் எழுதுவதில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. மனுஷன் இருபத்தேழு வருஷமாகக் கோப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்!

தங்கையா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்த ஆட்டத்தை நம்பி நான் பாஸ்போர்ட் எடுத்து வெச்சிருந்தேன். சம்சாரம் சிரிச்சா. ஜெயிக்கறதுக்கு முன்னாலயே படம் பிடிச்சுக்கிட்டு வந்துட்டீங்களேன்னு. அப்புறம் அது பெட்டியிலயே கெடந்து காலாவதி ஆயிருச்சு. ஒரு முத்திரை விழல."

தங்கையா குணாளனை நிமிர்ந்து பார்த்தார்.

"மணிலா எப்படிடா இருந்துச்சு?"

குணாளனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மழைண்ணே. அஞ்சு நாளும் மழை. ஹோட்டல் ஜன்னல்ல இருந்து ஒண்ணுமே தெரியல."

"இங்க இருக்கற மழை பத்தாதுன்னு அங்க போய்ப் பாத்தியா?" என்றார் தங்கையா. குரலில் கோபம் இருந்தது. சிரிப்பும் கொஞ்சம் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு எழுந்தார்.

"சரி. அப்ப அந்த ஆட்டம் இன்னும் முடியல."

"அண்ணே?"

"உனக்கு நாப்பது. எனக்கு இருபத்துநாலு. எறிய வேண்டியது நீ. வந்து கோட்டுல நில்லு."

"அப்ப என் ஆட்டம்?" என்று டீச்சர் எழுந்துவிட்டார்.

"டீச்சர், இது உங்க ஆட்டத்துக்கு முந்தின ஆட்டம். கொஞ்சம் பொறுங்க. மாஸ்டர், வாங்க. அன்னைக்கு யார் எழுதினாங்களோ அவங்களே எழுதட்டும்."

இன்னாசி மாஸ்டர் மெல்ல நடந்து வந்தார். குணாளன் கையிலிருந்த வெண்கட்டியை வாங்கிக்கொண்டார். துணியை வாளித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தார். அந்த முப்பத்திரண்டை அழுத்தித் துடைத்தார். ஈரம் காயும்வரை காத்திருந்து, ஒரு பக்கம் நாற்பது என்றும் மறுபக்கம் இருபத்துநாலு என்றும் எழுதினார்.  எண்கள் நேராக இருந்தன.

குணாளனிடம் தன் டார்ட்ஸ் இல்லை. காரில் கிடந்தது. தங்கையா தன்னுடையதையே நீட்டினார். பழைய பித்தளை டார்ட். கனம் கைக்குப் பழகவில்லை.

கோட்டில் நின்றான். மேலே டபுள் இருபது. கை முன்னால் போயிற்று.

நின்றது.

விரல் திறக்கவில்லை. குணாளன் கையை இறக்கினான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் சமாதானம் சொல்லவில்லை.  போர்டின் பக்கத்தில் மாஸ்டர் வெண்கட்டியோடு நின்றார். அந்த முகத்தை நேராகப் பார்த்தான்.

"நாப்பது, மாஸ்டர்" என்றான். சின்ன வயசில் சத்தமாகக் கழித்த அதே குரலில்.

"நாப்பது" என்றார் மாஸ்டர்.

டார்ட் கையை விட்டுப் போயிற்று.

டபுள் வளையத்தின் கம்பிக்கு மேலே, போர்டின் ஓரத்தில் குத்தி நின்றது. குணாளன் தன் வெறும் விரல்களைப் பார்த்தான். அடுத்ததை எடுத்தான். அதுவும் போயிற்று. இடது பக்கம், வெளியே. மூன்றாவதும் போயிற்று. போர்டிலேயே படாமல் தரையில் விழுந்து உருண்டது.

தங்கையா குனிந்து அதைப் பொறுக்கினார். மற்ற இரண்டையும் பிடுங்கினார். கோட்டில் வந்து நின்று ஒரு கண்ணைச் சுருக்கினார். முதல் எறி டபுள் பன்னிரண்டில் கச்சிதமாகக் குத்தி நின்றது.

இருபத்துநாலில் இருபத்துநாலு போயிற்று. மாஸ்டர் சுழியம் போட்டார்.

"ஐயோ, ஜெயிச்சிட்டீங்க!" என்று டீச்சர் கத்தினார். தங்கையா துண்டால் மறுபடி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு கோப்பி" என்றார்.

குணாளன் சின்னப் பிள்ளை மாதிரி மாஸ்டரிடம் ஓடினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"மாஸ்டர், பாத்தீங்களா? விட்டுச்சு. மூணும் விட்டுச்சு!"

"பாத்தேன். மூணும் வெளியதான் போச்சு."

"போனா போகட்டும் மாஸ்டர். கை விட்டுச்சே!" கையை உதறி உதறிப் பார்த்துக்கொண்டான். சட்டென்று நிறுத்தினான். "கோலாலம்பூர்லயும் விடுமா மாஸ்டர்?"

தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது. தைப்பிங் மழை, வந்தால் பேச்சுக் கேட்காது. மாஸ்டர் பலகையை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். வெண்கட்டியை அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். டீச்சர் கோட்டில் நின்று காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது பன்னிரண்டு நாள் கழிச்சு" என்றார் மாஸ்டர். "இங்க இருபத்தேழு வருஷமா உன் முறை காத்துக்கிட்டு நிக்குது. எழுது."